கடலில் ஆளை இறக்குமுன் யாரைக் கேட்கிறீர்கள்?

மதிப்புக்குரிய இராமநாதபுரம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாவட்ட விளையாட்டு அலுவலர் அவர்களுக்கும், நம் கரையில் கடல் நீச்சல், கயாக், துடுப்புப் பலகைப் போட்டிகள் நடத்த வரும் ஏற்பாட்டாளர்களுக்கும்,

வணக்கம்.

மண்டபம் வட்டாரத்தில் ஓர் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். அப்பா நாட்டுப்படகு வைத்திருந்தவர். இந்தக் கரையில் போட்டி என்றால் பெரும்பாலும் பாதுகாப்புப் படகில் ஏறிக்கொள்வேன். சிலவற்றில் நானும் நீந்தியதுண்டு. பதக்கம் வாங்குகிற வேகம் எனக்கு இல்லை, கரை சேருகிற வேகம் உண்டு.

கேட்க வந்தது ஒன்றுதான். போட்டியைத் தள்ளிவைக்கவும் பாதியில் நிறுத்தவும் உள்ள அதிகாரத்தை, அந்தப் படகுத்துறையின் கடலை அறிந்த உள்ளூர்ப் படகோட்டி ஒருவரிடம் எழுத்தில் கொடுங்கள். நீங்கள் தரும் அனுமதி ஆணையிலேயே அது ஒரு நிபந்தனையாக இருக்கட்டும். காரணத்தைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமான கடிதம்.

முதலில், வருகிறவர்கள் யார் என்று பாருங்கள். சென்னை, கோவை, பெங்களூரிலிருந்து வெள்ளிக்கிழமை ராத்திரி ரயிலிலோ காரிலோ கிளம்பி வருகிறார்கள். மென்பொருள் ஊழியர், பல் மருத்துவர், வங்கி மேலாளர், பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு நீச்சல் கற்றுக்கொண்ட அம்மா. யாருக்கும் இது தொழில் இல்லை. கைக்காசைப் போட்டு, விடிவதற்கு முன் எழுந்து, குளத்தில் சுவருக்குச் சுவர் நீந்திப் பழகி, ஒரு நாளாவது கடலில் நீந்திவிட வேண்டும் என்று வருகிறவர்கள். இவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. இந்தக் கடலுக்கு நீச்சல் உலகில் பெயர் வாங்கிக் கொடுத்தவர்களும் இதே வகையினர்தான். 1966 ஏப்ரல் 5, 6 தேதிகளில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 25 மணி 36 நிமிடத்தில் நீந்தி வந்த மிகிர் சென் ஒரு வழக்கறிஞர். 1971-ல் இலங்கைக் கரையிலிருந்து இந்தியக் கரைக்கு வந்து, அப்படியே திரும்பவும் நீந்திப் போன ஆழிக்குமரன் ஆனந்தனும் சட்டம் படித்தவர். அதற்கெல்லாம் முன்பே, 1954-ல், இலங்கையின் நவரத்தினசாமி கடந்திருக்கிறார். நம் குற்றாலீசுவரன் 1994-ல் கடந்தபோது பன்னிரண்டு வயதுப் பள்ளி மாணவன்.

ஆனால் அவர்களெல்லாம் தனி ஆளாக நீந்தியவர்கள். கூடவே படகு, படகில் அவரை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும் நாலு கண். மிகிர் சென்னுக்கு இந்தியக் கடற்படையே துணைக்கு வந்தது. இன்றைக்கு நடப்பது வேறு. ஒரே தொப்பி நிறத்தில் நூறு, இருநூறு பேர் ஒன்றாக இறங்குகிறார்கள். கூட இருக்கும் படகுகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

பொழுதுபோக்காக நீந்துகிறவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தொழில்முறை வீரர் என்றால் கரையில் பயிற்சியாளர் நிற்பார். 'இன்னைக்கு வேண்டாம், மேலே வா' என்று அவர் சொன்னால் போதும், இவர் ஏறிவிடுவார். இவர்களுக்கு அப்படி யாரும் இல்லை. லீவு போட்டாயிற்று, ரூமுக்குப் பணம் கட்டியாயிற்று, அலுவலகத்தில் எல்லோருக்கும் சொல்லியாயிற்று. பாதியில் படகைப் பிடித்தால் தகுதி இழப்பு. கால் இழுத்துக்கொண்டாலும் மூச்சு வாங்கினாலும், 'இன்னும் கொஞ்சம்தானே' என்று அடித்துக்கொண்டுதான் இருப்பார்கள். படகில் இருந்து குரல் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போவார்கள். அந்த உதடு நீலம் பாய்ந்திருப்பது அவர்களுக்குத் தெரியாது.

1985 முதல் 2016 வரை அமெரிக்காவில் நடந்த டிரையத்லான் போட்டிகளை ஆராய்ந்து மருத்துவர்கள் ஒரு கணக்கு எடுத்தார்கள். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த அந்தப் போட்டிகளில் உயிரிழந்தோரும் மாரடைத்து விழுந்தோருமாக 135 பேர். அதில் 90 பேருக்கு அது நேர்ந்தது நீச்சலின்போது. மூன்று பகுதிகளில் நீச்சல்தான் மிகக் குறைந்த நேரம் எடுப்பது. ஆபத்தோ பெரும்பாலும் அங்கே. பெரும்பாலானோர் நடுவயது ஆண்கள். நம் கரைக்கு வரும் கூட்டத்தைக் கண்ணை மூடி நினைத்துப் பாருங்கள், வயதும் சாயலும் பொருந்தும்.

இனி நம் கடல். வெளியூர்க்காரர்களுக்கு இது ஒரே கடல். எங்களுக்கு இரண்டு. வடகடல் பாக் விரிகுடா, தென்கடல் மன்னார் வளைகுடா. தனுஷ்கோடிக்காரர்கள் முன்னதைப் பெண்கடல் என்றும் பின்னதை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். பெண்கடல் என்றதும் சாது என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. வடகடலில் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லை. ஆழமில்லாத தண்ணீரில் காற்று ஏறினால் அலை நீண்டு புரளாது. குட்டை குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன்மேல் ஒன்றாக வரும். நீந்துகிறவர் மூச்சுக்குத் தலையைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் வாயில் ஒரு மடக்கு உப்புத் தண்ணீர். மெரினா அலையில் பழகியவர்கூட இதில் திணறுவார்.

வடகடலில் இதைவிடப் பெரிய ஆபத்து, கடல் கண்ணாடி மாதிரி கிடக்கும் நாளில் இருக்கிறது. மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும். தென்கடல் கொந்தளிக்கும், அரியமான், பிரப்பன்வலசை, ஓலைக்குடா என்று வடக்கு நோக்கிய கரைகளில் தண்ணீர் அசையாது. சுற்றுலாப் படங்களில் நீங்கள் பார்க்கும் அந்தப் பச்சைத் தண்ணீர் இந்தப் பருவத்தில் எடுத்ததாகத்தான் இருக்கும். போட்டி நடத்துவதற்கு இதைவிட நல்ல இடம் உண்டா என்று தோன்றும். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் பாருங்கள். கரையிலிருந்து கடலுக்குப் போகிறது. கரையோரம் பனைமரமும் சவுக்கும் மறைப்பதால் ஒன்றும் தெரியாது. அரை கிலோமீட்டர் தாண்டியதும் முதுகில் கை வைத்துத் தள்ளும். துடுப்புப் பலகையில் நிற்கிறவருக்கு அவர் உடம்பே பாய். போகும்போது 'ஆகா, என்ன வேகம்' என்று போவார். திரும்பும்போதுதான் தெரியும். துடுப்பு போடப் போட இருந்த இடத்திலேயே இருப்பார், அல்லது பின்னால் போய்க்கொண்டிருப்பார். போகிற திசையில் இலங்கைக் கடல் எல்லை வெகுதூரத்தில் இல்லை. எஞ்சின் பழுதாகி அந்தப் பக்கம் ஒதுங்கிய நம்மூர்ப் படகுகளுக்கு என்ன ஆனது என்று ஆட்சியர் அவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கோப்புகள் உங்கள் மேசைக்குத்தான் வருகின்றன.

வாடை மாதங்களில் இது தலைகீழ். ஐப்பசிக்குப் பிறகு வடகடல் கலங்கும், தென்கடல் அடங்கும். பாம்பன் பாலத்தடியில் ஓடும் நீரோட்டமும் பருவத்துக்குத் தக்கபடி திசை மாறும். தென்மேற்குக் காற்று அடிக்கும் கச்சான் காலத்தில் தெற்கிலிருந்து வடக்கே, வாடைக் காலத்தில் வடக்கிலிருந்து தெற்கே. தூண்களுக்கு நடுவே அந்த ஓட்டத்தை எதிர்த்து நல்ல நீச்சல்காரரும் நகர முடியாது. பாலத்தைப் பின்னணியில் வைத்துப் படம் எடுக்க வேண்டும் என்பதற்காக வழித்தடத்தைப் பாலத்துப் பக்கம் இழுக்கும் வழக்கம் ஒன்று வந்திருக்கிறது. புதுப் பாலம் 2025-ல் திறந்த பிறகு அந்த ஆசை இன்னும் கூடிவிட்டது. எங்களுக்கும் பாலம் பிடிக்கும், கரையிலிருந்து.

இதெல்லாம் வானிலை அறிக்கையில் வராதா என்று கேட்கலாம். வரும். வானிலை ஆய்வு மையம் சொல்கிறது, ஐதராபாத்தில் இருக்கும் இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் அலை உயரத்தையும், கள்ளக்கடல் (தூரத்துக் கடலில் கிளம்பித் திடீரென்று கரையேறும் பேரலை) எச்சரிக்கையையும் தருகிறது, பாம்பன் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுகிறார்கள். அவற்றைப் பார்க்காமல் எந்தப் போட்டியும் நடக்கக் கூடாது. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் போனது கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாளில்தான். எச்சரிக்கை இருந்தும் கரையில் நின்று தடுக்க ஆள் வேண்டியிருக்கிறது. மேலும், அறிக்கை மாவட்டத்துக்கு ஒன்று. ஓலைக்குடாவில் ஒரு காற்று, ஐந்து கிலோமீட்டர் தள்ளி இன்னொரு காற்று. எந்தப் பக்கம் பார் (கடலடிப் பாறைத்திட்டு) ஏறிக் கிடக்கிறது, எங்கே பாசி வளர்க்கும் மூங்கில் மிதவைகளைக் கட்டியிருக்கிறார்கள், நேற்று ராத்திரி யார் எங்கே வலை விட்டார்கள், சொறி (ஜெல்லிமீன்) கூட்டமாக எந்தத் திசையில் ஒதுங்குகிறது என்பதெல்லாம் அன்றைக்குக் காலையில் கடலில் இருந்து வந்தவருக்குத்தான் தெரியும். விசைப்படகு போகும் நாளில் கடல் ஒரு மாதிரி, நாட்டுப்படகு போகும் நாளில் வேறு மாதிரி. இரவில் விட்ட வலை விடிந்தும் கிடக்கும். நைலான் வலை தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாது. அதில் கால் மாட்டிய நீச்சல்காரரை அறுத்து எடுத்ததைப் பார்த்தவன் நான். படகுக்காரர் மடியில் கத்தி இல்லாதிருந்தால் அந்த நாள் வேறு விதமாக முடிந்திருக்கும்.

ஒரு போட்டியைப் பற்றிச் சொல்கிறேன். நடத்தியவர்கள் பெயர் வேண்டாம்; அவர்கள் மட்டும் செய்கிற காரியமும் இல்லை இது. மாசி மாதம், வடகடல் பக்கம். காலை ஆறு மணிக்கு நீச்சல் தொடக்கம் என்று அறிவித்திருந்தார்கள். அந்த நேரத்தில் கடல் எண்ணெய் மாதிரி இருந்தது. ஆனால் சிறப்பு விருந்தினர் வரவில்லை. ஆறரை ஆயிற்று, ஏழு ஆயிற்று. மேடையில் பாட்டுப் போட்டார்கள். நீந்த வந்தவர்கள் தொப்பியும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு மணலில் நின்றார்கள். சாப்பிட்டது செரித்து, குடித்தது வேர்த்துப் போய்க்கொண்டிருந்தது. பாதுகாப்புப் படகு ஓட்ட வந்திருந்த சம்மாட்டி (படகு உரிமையாளர்) என்னிடம் வந்தார். அறுபதைத் தாண்டிய மனிதர், எனக்கு மாமா முறை.

"தம்பி, வாடை ஏறுது பாத்தியா? இன்னும் அர மணி நேரத்துல கடலு கொந்தளிச்சுரும். இப்ப எறக்குனா அதுகளா திரும்பி வராது, நாமதான் இழுத்துக் கொண்டாரணும்."

"ஏற்பாடு பண்றவங்ககிட்ட சொன்னீங்களா மாமா?"

"சொன்னேன். நீங்க படக மட்டும் பாருங்கண்ணே, மத்தத நாங்க பாத்துக்கிறோம்னாங்க."

நானும் போய்ச் சொன்னேன். பணிவாகத்தான் கேட்டுக்கொண்டார்கள். வி.ஐ.பி. பாம்பன் தாண்டிவிட்டார், பத்து நிமிடம் என்றார்கள். கொடி அசைந்தபோது மணி எட்டரை. அடுத்த முக்கால் மணி நேரத்தில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வழிகாட்டும் மிதவைகளான போயாக்கள் இரண்டு நங்கூரம் இழுத்துக்கொண்டு இடம் மாறின. முன்னால் போனவர்கள் இடம் மாறிய போயாவை நோக்கி நீந்தினார்கள். பின்னால் வந்தவர்கள் அலையில் எதையும் பார்க்க முடியாமல் கரையோரமாக ஒதுங்கினார்கள். படகுகள் ஒவ்வொருவராகத் தூக்கின. படகுக்குள் வாந்தி, நடுக்கம், அழுகை. எல்லோரையும் கரை சேர்த்த பிறகு எண்ணினால் ஒரு தொப்பி குறைந்தது.

அந்த ஒரு தொப்பிக்காக இரண்டு படகுகள் ஒரு மணி நேரத்துக்குமேல் தேடின. அவருடைய மனைவி கரையில் நின்ற நிலையை எழுத எனக்கு மனம் வரவில்லை. கடைசியில் ஆள் கிடைத்தார், முக்கிய சாலை ஓரத்து டீக்கடையில். அலைக்குப் பயந்து பாதியிலேயே திரும்பி, தூரத்தில் கரையேறி, அங்கிருந்து நடந்து போய் டீ குடித்துக்கொண்டிருந்தார். யாரிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அவர் செய்தது புத்திசாலித்தனம். எல்லோரும் சிரித்து, கைதட்டி, அன்று மாலை பரிசளிப்பும் நடந்தது. அடுத்த நாள் செய்தியில் 'வெற்றிகரமாக நிறைவு' என்று வந்தது.

அன்று ஏழு மணிக்குச் சம்மாட்டி சொன்ன சொல்லுக்கு ஓர் அதிகாரம் இருந்திருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது. அவருக்குத் தெரிந்தது, சொல்லவும் செய்தார், நிறுத்த மட்டும் முடியவில்லை. நம் கரையில் அறிவுக்குப் பஞ்சமே இல்லை, அந்த அறிவுக்கு நாற்காலி போடத்தான் ஆள் இல்லை.

இது புதிதாக நான் கண்டுபிடித்த யோசனை இல்லை. ஆங்கிலக் கால்வாயில் நீந்துகிறவர் எவ்வளவு பெரிய வீரரானாலும், கூட வரும் வழிகாட்டிப் படகின் ஓட்டுநர் சொல்தான் கடைசிச் சொல். அவர் 'போதும்' என்றால் நீச்சல் முடிந்தது. நீச்சல்காரரோ அவர் குடும்பமோ மறுத்துப் பேச இடமில்லை. அந்த ஓட்டுநர்கள் பலர் மீனவக் குடும்பத்தில் வந்தவர்கள். அத்தனை கட்டுப்பாடு உள்ள அந்தக் கடலில்கூட உயிர்கள் போயிருக்கின்றன. நம் ஆழிக்குமரன் ஆனந்தன் 1984-ல் இறந்தது அங்கேதான். கட்டுப்பாடு இல்லாத இடத்தைப் பற்றி என்ன சொல்ல?

இன்னொரு சம்பவம், 2010 அக்டோபர் 23. ஐக்கிய அரபு அமீரகத்தின் புஜைராவில் உலகக் கோப்பைத் தொடருக்கான 10 கிலோமீட்டர் கடல் நீச்சல். அமெரிக்காவின் பிரான் கிரிப்பன், 26 வயது, உலகத் தரத்தில் நீந்துகிறவர். சூடான தண்ணீரில் நீந்திக்கொண்டிருந்தவர் கரை சேரவில்லை. அவர் வரவில்லை என்பதைக் கவனித்தது சக நீச்சல்காரர்கள். அவர்களே திரும்பத் தண்ணீரில் இறங்கித் தேடினார்கள். உடல் கிடைக்கச் சுமார் இரண்டு மணி நேரம் ஆனது. அதற்குப் பிறகுதான் சர்வதேச நீச்சல் சம்மேளனம் தண்ணீரின் வெப்பத்துக்கு 31 டிகிரி செல்சியஸ் என்று மேல் வரம்பு வைத்தது. போட்டி தொடங்க இரண்டு மணி நேரத்துக்கு முன், வழித்தடத்தின் நடுவே, 40 செண்டிமீட்டர் ஆழத்தில் அளக்க வேண்டும் என்பது விதி.

நம் கடலில் சித்திரை, வைகாசியில் தண்ணீர் அந்த 31-ஐத் தொடுவதும் தாண்டுவதும் அபூர்வம் இல்லை. 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் பவளங்கள் வெளுத்துப் போனது அந்தச் சூட்டில்தான். அந்த மாதங்களில் பள்ளி விடுமுறை, விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், அதனால் படகு சுலபமாகக் கிடைக்கும் என்று அந்தச் சமயத்திலேயே போட்டி வைக்கப் பார்க்கிறார்கள். வெப்பமானியை ஒரு நூலில் கட்டித் தண்ணீருக்குள் விட இரண்டு நிமிடம் போதும். ஆனால் 31.5 என்று காட்டினால் 'இன்று இல்லை' என்று யார் சொல்வது? பதிவுக் கட்டணம் வாங்கியவரா? விளம்பரதாரர் பலகை நட்டவரா? மறுபடியும் அதே கேள்விக்குத்தான் வந்து நிற்கிறோம்.

ஆகவே படகோட்டியிடம் கொடுங்கள் என்கிறேன். கொடுப்பதென்றால் எப்படி என்பதும் முக்கியம். அன்றைக்கு அந்தச் சம்மாட்டியிடம் பின்னால் கேட்டேன், 'நீங்க படக எடுக்க மாட்டேன்னு சொல்லியிருக்கலாமே மாமா' என்று. "சொன்னா அடுத்த வருசம் வேற ஆளக் கூப்புடுவாங்க தம்பி. நானில்லாம இன்னொருத்தன் போனா எவன் கடலு தெரிஞ்சவன்னு எனக்கென்ன தெரியும்? இருக்குறவனாவது தூக்குவோம்னுதான் போனேன்" என்றார். அவர் பேச்சில் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஏற்பாட்டாளர் கூலி கொடுக்கும் ஆளிடம் ஏற்பாட்டாளரை நிறுத்தும் அதிகாரம் இருக்க முடியாது. அந்த ஆளை நியமிப்பது மாவட்ட நிர்வாகமாக இருக்க வேண்டும். அவருக்கான தொகையை ஏற்பாட்டாளரிடம் அனுமதிக் கட்டணத்தோடு வாங்கி நீங்களே கொடுங்கள். அவர் அன்றைக்குக் கடலுக்குப் போகாமல் இழக்கும் மீன்பாட்டுக்கும் டீசலுக்கும் சேர்த்துக் கொடுங்கள். போட்டி நடந்தாலும் நடக்காவிட்டாலும் அதே தொகை. நிறுத்தினால் கூலி போய்விடும் என்ற நிலை இருந்தால் அவரும் மனிதர்தானே.

அவர் எடுத்த முடிவுக்காக அவர்மேல் வழக்கோ வசையோ வரக்கூடாது என்பதையும் ஆணையில் எழுதுங்கள். நிறுத்தியிருக்க வேண்டியதில்லை என்று பத்துப் பேர் பேசுவார்கள், பேசட்டும். ஏதாவது விபரீதம் நடந்தால் மீனவன் தலையில் கட்டிவிட்டு மற்றவர்கள் விலகிக்கொள்ளும் ஏற்பாடாகவும் இது ஆகிவிடக் கூடாது. நிறுத்தும் உரிமை அவருடையது. நடத்தும் பொறுப்பு ஏற்பாட்டாளருடையது. இரண்டையும் குழப்பினால் நல்ல படகோட்டி எவரும் இந்தப் பக்கம் வரமாட்டார்.

மீனவர் பயந்துபோய் எல்லாப் போட்டியையும் நிறுத்திவிடுவார் என்று ஒருவர் என்னிடம் வாதிட்டார். தினமும் வத்தையிலும் பைபர் படகிலும் பிழைப்புக்குப் போகிறவர்களைப் பற்றிச் சொல்கிற பேச்சா இது? தொண்டி, நம்புதாளைப் பக்கம் திருவிழாவுக்குப் பாய்மரப் படகுப் போட்டி விடுவார்கள், பார்த்திருப்பீர்கள். காற்று இருந்தால்தான் அந்தப் போட்டியே. பாய் கிழிய ஓட்டுவார்கள். படகு கவிழ்ந்தால் நிமிர்த்திக்கொண்டு சிரித்தபடி வருவார்கள். காற்றுக்குப் பயந்தவர்கள் அங்கே யாரும் இல்லை. எந்தக் காற்றில் யாரை விடலாம் என்ற கணக்கு மட்டும் அவர்களுக்குத் தெரியும். குளத்தில் பழகிய வங்கி மேலாளரை எந்தக் காற்றில் விடக்கூடாது என்பதும் அந்தக் கணக்கில் ஒன்று.

படகோட்டி என்று எழுதுவதால் ஆண்கள் மட்டும் என்று எண்ண வேண்டாம். சின்னப்பாலம், பாம்பன் பக்கத்துப் பெண்கள் தலைமுறையாகப் பாசி எடுக்கக் கடலில் இறங்குகிறவர்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி, பாரின் இடுக்கில் பாசி பறிப்பார்கள். எந்த இடத்தில் எந்த நேரத்தில் நீர் எப்படி இழுக்கும் என்பதை உடம்பால் அறிந்தவர்கள். தென்கடல் பக்கம் போட்டி என்றால் அவர்களில் ஒருவரைக் கேட்காமல் வழித்தடம் போடுவதே பிழை. தீவுகளைச் சுற்றிய பகுதி 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. 21 தீவுகளில் கால் வைப்பதற்கே வனத்துறை அனுமதி வேண்டும். அந்த எல்லை எங்கே தொடங்குகிறது என்று ஜி.பி.எஸ். இல்லாமலே காட்டக்கூடியவர்கள் இவர்கள். எல்லையில் கால் பட்டதற்காக அபராதமும் கட்டியவர்கள்.

ஏற்பாட்டாளர்களுக்குச் சில வார்த்தை. போட்டி அறிவிப்பிலேயே மாற்று நாள் ஒன்றையும் போட்டுவிடுங்கள். ஞாயிறு என்றால் அடுத்த நாளும் சேர்த்து. வருகிறவர்கள் அதற்குத் தக்கபடி லீவு போட்டுக்கொள்வார்கள், 'இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே' என்ற அழுத்தம் பாதியாகும். சிறப்பு விருந்தினரைப் பரிசளிப்புக்குக் கூப்பிடுங்கள். கொடியசைப்பதற்கு வேண்டாம், எவ்வளவு பெரியவராக இருந்தாலும் காற்று அவருக்காகக் காத்திருக்காது. இறங்கும்போது ஒரு எண்ணிக்கை, ஏறும்போது ஒரு எண்ணிக்கை, பாதியில் விலகுகிறவர் வந்து சொல்ல ஒரு மேசை. காலில் சிப் கட்டுகிறீர்கள், நல்லது. சிப்புக்கு நேரம்தான் தெரியும், ஆள் டீக்கடையில் இருப்பது தெரியாது. தனுஷ்கோடிப் பக்கம் நடத்துகிறீர்கள் என்றால் ஆம்புலன்சை அரிச்சல்முனையிலேயே நிறுத்துங்கள். அங்கிருந்து இராமேசுவரம் அரசு மருத்துவமனை கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர், இராமநாதபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இன்னும் 50 கிலோமீட்டருக்குமேல். கைப்பேசியை நம்ப வேண்டாம். அங்கே பல நேரம் அது இலங்கைக் கோபுரத்தைத்தான் பிடிக்கும். கடலோரக் காவல் படை, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் இரண்டுக்கும் கடிதம் கொடுத்தோம் என்பதோடு நிற்காமல், அன்று காலை வயர்லெஸ்ஸில் யார் கேட்பார்கள் என்று பெயர் வாங்கிக்கொள்ளுங்கள்.

இடையில் ஒன்று. இந்தப் போட்டிகளில் எங்கள் பிள்ளைகளைக் காணோம். என் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், பாலத்தடி ஓட்டத்தைக் குறுக்கே கடக்கிறவன் (நான் திட்டியும் கேட்கமாட்டான்), கடற்கரையில் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுக்கும் வேலைக்குப் போயிருந்தான். பதிவுக் கட்டணம் அவன் அப்பாவின் பல நாள் வருமானம். உள்ளூர்ப் பள்ளி மாணவர்களுக்குக் கட்டணமில்லாத இடங்கள் சில ஒதுக்கச் சொல்லி மாவட்ட விளையாட்டு அலுவலர் கேட்டால் எந்த ஏற்பாட்டாளரும் மறுக்க மாட்டார் என்று நினைக்கிறேன். இதைத் தனியாக ஒரு கடிதத்தில் எழுதுவேன்.

ஆட்சியர் அவர்களே, இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், நிதி ஒதுக்கீடு வேண்டாம். போட்டிக்கு அனுமதி கேட்டு வரும் விண்ணப்பங்கள் எப்படியும் உங்கள் அலுவலகம் வழியாகத்தான் காவல்துறைக்கும் மீன்வளத்துறைக்கும் போகின்றன. திரும்பி வரும் ஆணையில் இப்போதே பல நிபந்தனைகள் இருக்கின்றன. ஒலிபெருக்கி எத்தனை மணி வரை, குப்பையை யார் அள்ளுவது என்றுகூட இருக்கிறது. அதோடு இன்னொரு வரி: 'மாவட்ட நிர்வாகம் மீன்வளத்துறை வழியாக நியமிக்கும் உள்ளூர்ப் படகோட்டியின் ஒப்புதல் இல்லாமல் போட்டியாளர் எவரையும் கடலில் இறக்கக் கூடாது, அவர் நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்த வேண்டும்.' படகுத்துறைவாரியாகப் பெயர்ப் பட்டியல் தயாரிப்பதுதான் வேலை. மண்டபம், பாம்பன், இராமேசுவரம், அரியமான், தேவிபட்டினம், தொண்டி, கீழக்கரை, ஏர்வாடி என்று துறைக்கு நாலைந்து பேர் இருந்தால் போதும். அந்தந்த ஊர் மீனவர் சங்கங்களையும் பாசி எடுக்கும் பெண்களின் குழுக்களையும் கேட்டால் யாரைச் சொல்வார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

மண்டபம், பாம்பன் இரண்டுக்கும் நாங்கள் ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறோம். வருவதற்குச் சம்மதித்தவர்களின் பெயர்கள் என்னிடம் உள்ளன. மன்றாடி மனு கொடுக்க வரும் கூட்டமாக இல்லாமல், உட்கார்ந்து பேச அரை மணி நேரம் ஒதுக்கினால் அவர்களையும் அழைத்துக்கொண்டு வருகிறேன். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு வேண்டாம், அன்று நெரிசல். வேறொரு நாள், மாலை நாலு மணிக்குமேல் கொடுங்கள். காலையில் அவர்கள் கடலில் இருப்பார்கள்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்,
மண்டபம் வட்டாரம், இராமநாதபுரம் மாவட்டம்.